பிள்ளைக்கு முதல் கோல்ஃப் மட்டை: நெல்லைச் சீமையில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு கோல்ஃப் ஆசை வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற மாமா, தான் ஆடிப் பழசான முழு செட்டைப் பையோடு கொடுத்துவிடுவார். இல்லையென்றால் வீட்டில் யாராவது செல்போனில் தேடி, "8 வயது" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒரு பெட்டியை வரவழைப்பார்கள். முதல் செட் பிள்ளையின் கைக்கு மீறிய கனம். இரண்டாவது, உயரத்தைக் கேட்காமல் வந்த மட்டை. இரண்டு வீட்டிலும் ஆறே மாதத்தில் மட்டை பரணுக்குப் போய்விடும், "பிள்ளைக்கு இது வரல" என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். வராதது பிள்ளையின் குற்றமல்ல, மட்டையின் குற்றம்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். இங்கிருந்து ஒழுங்கான மைதானத்துக்குப் போக, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானத்துக்குப் போக வேண்டும், அல்லது 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கிளப்புக்கு மலையேற வேண்டும். வருடத்தில் சில நாள்தான் அது நடக்கும். மற்ற நாளெல்லாம் பிள்ளை ஆடப்போவது வீட்டு முற்றத்தில், மொட்டை மாடியில், அறுவடை முடிந்த வயலில். ஆகவே முற்றத்தில் எதை ஆட முடியுமோ அதை முதலில் வாங்குங்கள். தூரம் அடிக்கிற 'டிரைவர்' மட்டை கடைசியில் வரட்டும்.

முதல் படி: உயரத்தை அளப்பது

வயதை வைத்து மட்டை வாங்காதீர்கள். ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்குள் அரை அடி வித்தியாசம் இருக்கும். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்டும்படி நிறுத்துங்கள். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை அங்குலத்தில் அளந்து எழுதி வையுங்கள். 3 அடி 9 அங்குலம் என்றால் 45. 4 அடி 3 என்றால் 51.

சிறுவர் மட்டை செய்கிற நிறுவனங்களில் யு.எஸ். கிட்ஸ் இந்த அங்குலக் கணக்கிலேயே அளவுகளை வைத்திருக்கிறது. 39, 42, 45, 48, 51 என்று மூன்று மூன்று அங்குலமாக ஏறும். 48 என்று போட்டிருந்தால் 48 முதல் 51 அங்குலம் வரை உயரமுள்ள பிள்ளைக்கு. டெகாத்லானின் இனெசிஸ் போன்றவை வயதைப் போட்டு விற்கும். அங்கே வயதை விட்டுவிட்டு, உயர அட்டவணை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாலு வயதுக்கு மேல் பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 2½ அங்குலம் வளர்வார்கள். ஆகவே ஓர் அளவு ஒரு வருடத்துக்குச் சற்று மேல் தாங்கும். பள்ளிச் சீருடையை வளர்த்தி வைத்துத் தைப்பதுபோல மட்டையை வளர்த்தி வைத்து வாங்கக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் சின்னதையே எடுங்கள். கொஞ்சம் பெரியது ஏற்கெனவே வீட்டில் இருந்தால், கிரிப்பில் (கைப்பிடி உறையில்) ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து ஆடலாம். ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் அந்த மட்டை இந்த வருடத்துக்கு ஆகாது.

எந்தக் கை?

கிரிக்கெட்டில் வலது கை பேட் பிடிக்கிற பிள்ளை, பெரும்பாலும் வலது கை கோல்ஃப் மட்டைதான் எடுக்கும். ஆனால் எழுதுகிற கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முற்றத்தில் காய்ந்த வேப்பம்பழமோ ஒரு டென்னிஸ் பந்தோ போட்டு, கையில் வாரியலைக் கொடுத்து, "தள்ளி விடு பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தராதீர்கள். பத்துத் தடவையில் எந்தப் பக்கம் நின்று அதிகம் வீசுகிறதோ அதுதான் அதன் பக்கம். இடது கைச் சிறுவர் மட்டை கிடைப்பது அரிது என்பதற்காக வலது பக்கம் திருப்பி விடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம், ஒரு மாதம் தாமதமானாலும் சரியான மட்டைக்குக் காத்திருப்பது மேல்.

இரண்டாவது படி: கனமும் நீளமும் சரியா என்று பார்ப்பது

இந்த ஒரு படிக்கு நேரம் செலவழித்தால் மற்றவை எல்லாம் எளிது.

மட்டையின் கிரிப் நுனியைப் பிள்ளை இடது கையால் (இடது கை ஆட்டக்காரருக்கு வலது கையால்) பிடித்து, கையை நேராக முன்னால் நீட்டி, மட்டையைத் தரைக்கு இணையாக வைத்திருக்கட்டும். பத்து எண்ணும் வரை மட்டைத் தலை கீழே சரியாமல் நின்றால் கனம் சரி. ஐந்திலேயே முழங்கை மடங்கினாலோ உடல் பின்னால் சாய்ந்தாலோ கனம் கூடுதல்.

அடுத்து, பந்துக்கு நிற்பதுபோல் நிற்கச் சொல்லுங்கள். கைகள் தோளிலிருந்து இயல்பாகத் தொங்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்க வேண்டும். மட்டையின் நுனி வயிற்றில் இடித்தால் நீளம் அதிகம். முதுகு வில்லாக வளைந்தால் நீளம் போதாது. இதைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் படமெடுத்துப் பாருங்கள். எதிரில் நின்று பார்த்தால் தெரியாது.

மட்டை தவறாக இருந்தால் அந்தத் தவறு பிள்ளையின் ஆட்டத்தில் ஏறிவிடும். கனமான மட்டையைத் தூக்க முடியாமல் பிள்ளை முழங்கையை மடக்கி மட்டையைத் தோளில் சாய்க்கும், பிறகு உடம்பைப் பின்னால் தள்ளிப் பந்தைக் கரண்டியால் அள்ளுவதுபோல் அள்ளும். நீளமான மட்டையோடு நிமிர்ந்து நிற்கும். பந்துக்குப் பின்னால் தரையைக் கொத்தும், அல்லது மட்டைத் தலையில் தண்டை ஒட்டிய குதிப்பக்கத்தில் பந்து பட்டுக் கோணலாகப் போகும். குட்டையான மட்டையில் குனிந்து குனிந்து பந்தின் தலையைத் தட்டும். பந்து உருளும், எழும்பாது. இதையெல்லாம் பார்த்து "நேரா அடில" என்று அதட்டுவதற்கு முன்னால் மட்டையை ஒருமுறை சந்தேகியுங்கள். இரண்டு வருடம் அள்ளிப் பழகிய கை, பிறகு சரியான மட்டை கிடைத்தாலும் அள்ளத்தான் செய்யும்.

கிரிப் தடிமனுக்கும் ஒரு சோதனை. பிடித்திருக்கும் இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் தடிமன் அதிகம், நகம் பதிந்தால் மெலிவு. தடித்த கிரிப்பைப் பிள்ளை இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு அசையாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து விரலும் கிரிப்பில் படுகிற பிடிப்பே போதும். விரல்களைக் கோத்துப் பிடிப்பதெல்லாம் கை பெரிதான பிறகு.

மாமாவின் மட்டையை வெட்டிக் கொடுக்கலாமா?

அயர்னையும் (பந்தை எழுப்பி அடிக்கிற, தட்டையான உலோகத் தலை மட்டை) டிரைவரையும் வெட்ட வேண்டாம். பெரியவர்களின் 7-ஆம் எண் அயர்ன் 37 அங்குலம் அளவில் இருக்கும். அதில் எஃகு ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) மட்டும் 100 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். பத்து அங்குலம் வெட்டினாலும் தலையின் கனம் ஒரு கிராம்கூடக் குறையாது. ஷாஃப்டை வெட்ட வெட்ட அது விறைக்கும். பிள்ளையின் வேகத்துக்கு அது துளியும் வளைந்து கொடுக்காது, வெறும் கம்பியாகிவிடும். சிறுவர் மட்டையில் இலேசான கிராஃபைட் ஷாஃப்ட் போடுவது இதற்காகத்தான். அதன் தலையும் சின்னதாக, இலேசாக வார்க்கப்பட்டிருக்கும்.

வெட்டலாம் என்றால், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற புட்டர் ஒன்றைத்தான். புட்டரை ஓங்கி வீசுவதில்லை. ஊசல்போல ஆட்டினால் போதும். பழைய கிரிப்பைக் கத்தியால் கீறி உரித்து, ஒட்டியிருக்கும் டேப்பைச் சுரண்டி எடுங்கள். பிள்ளை புட்டிங்குக்கு நிற்கட்டும்: கண் பந்துக்கு நேர் மேலே, கைகள் தோளுக்கு நேர் கீழே. மேல் கைக்கு ஓர் அங்குலம் மேலே பென்சிலால் குறியுங்கள். எஃகு ஷாஃப்டைப் பொடிப்பல் ஹாக்சா பிளேடால் அறுத்து, பிசிரை அரத்தால் தேய்த்துவிடுங்கள். இரட்டைப் பக்க டேப் சுற்றி, கிரிப்புக்குள்ளும் டேப் மேலும் தின்னரை ஊற்றி, அது ஈரமாக இருக்கும்போதே ஒரே தள்ளலில் சிறுவர் கிரிப்பை ஏற்றுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு ராத்திரி காயவிடுங்கள். தின்னர் வேலையைத் திறந்த இடத்தில், அடுப்புக்கு எட்டத்தில், பெரியவர்களே செய்ய வேண்டும்.

மூன்றாவது படி: எத்தனை மட்டை, எந்த வரிசையில்

விதிப்படி ஓர் ஆட்டத்தில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். தொடங்குகிற பிள்ளைக்கு மூன்று போதும்: புட்டர், 7 அல்லது 8-ஆம் எண் அயர்ன், கிட்டத்தில் பந்தை உயரத் தூக்கிப் போட ஒரு வெட்ஜ். ஐந்து வயதுக்கும் கீழே என்றால் வெட்ஜும் வேண்டாம், இரண்டே போதும்.

புட்டர் முதலில் வருவதற்கு முற்றம் மட்டும் காரணமில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்த இந்திய வீராங்கனை அதிதி அசோக், தூரம் அடிப்பதில் பெரிய பெயர் பெற்றவர் அல்லர். அவரைப் பதக்கத்தின் வாசல் வரை கொண்டுபோனது புட்டிங். ஐந்து வயதில் ஆடத் தொடங்கியவர் அவர். உங்கள் வீட்டு முற்றத்தில் பழகக்கூடிய திறமை அது.

அயர்ன் கையில் நிலைத்து, பத்தில் ஆறு ஏழு பந்து எழும்பிப் போகத் தொடங்கியதும் நாலாவது மட்டை: 20 டிகிரிக்கு மேல் லாஃப்ட் உள்ள ஹைப்ரிட் அல்லது ஃபேர்வே உட். இரண்டும் அயர்னைவிடத் தூரம் அடிக்கிறவை. லாஃப்ட் என்பது மட்டை முகத்தின் சாய்வு. சாய்வு கூடினால் பந்து மேலே எழும். டிரைவர் ஐந்தாவதாக வரட்டும். அதிலும் 15 டிகிரிக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். பெரியவர்களின் 10 டிகிரி டிரைவரில், பிள்ளையின் வேகத்துக்குப் பந்து தரையோடு தரையாக ஓடி விழும். வேகம் குறைந்த கைக்குத் தூரத்தைக் கொடுப்பது சாய்வுதான்.

உயரம் 5 அடி 2 அங்குலத்தைத் தாண்டிவிட்டால் சிறுவர் செட்டில் மேலும் பணம் போட வேண்டாம். இலேசான பெண்கள் செட் ஒன்றைப் பையனுக்கும் பெண்ணுக்கும் மேலே சொன்ன சோதனைகளை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

பழைய மட்டை வாங்கினால் மூன்று இடத்தைப் பாருங்கள். ஷாஃப்டை மொசைக் தரையில் உருட்டுங்கள். நெளிந்து உருண்டால் வளைந்திருக்கிறது. தலையும் ஷாஃப்டும் சேருகிற இடத்தில் உள்ள கறுப்பு வளையம் நகர்ந்திருந்தாலோ, குலுக்கும்போது கிலுகிலு சத்தம் கேட்டாலோ விட்டுவிடுங்கள். வீசும்போது தலை கழன்று பறக்கும். கிரிப் பளபளத்து வழுக்கினால் அது மட்டும் குறையில்லை, மாற்றிவிடலாம்.

பந்து

கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. கிரிக்கெட் பந்தில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லை என்று நினைத்துத் தெருவில் ஆடவிடாதீர்கள். சின்னதாகக் கெட்டியாக இருப்பதால் அது போகிற வேகம் வேறு. கூரை ஓடும் சுவரும் தாங்கினாலும் எதிரே வருகிறவர் தலை தாங்காது. வீட்டில் அயர்ன், வெட்ஜ் பயிற்சிக்கு ஃபோம் பந்து ஒரு டஜன். புட்டிங்குக்கு மட்டும் உண்மையான பந்து மூன்று. மென்மையான இரண்டடுக்குப் பந்தாகக் கேட்டு வாங்குங்கள், விலை உயர்ந்தது வேண்டாம்.

ஆனி, ஆடியில் கயத்தாறு, பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை சுற்றுகிற வேகத்தில் ஃபோம் பந்து எங்கே அடித்தாலும் ஒரே திசைக்குத்தான் போகும். அந்த இரண்டு மாதமும் சுவரோரம் புட்டிங் பழகட்டும்.

நான்காவது படி: முற்றத்தை மைதானமாக்குவது

குழியின் விட்டம் விதிப்படி 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். ஹார்டுவேர் கடையில் கழிவுநீர்க் குழாய்க்குக் கேட்கிற 110 மி.மீ. பிவிசி குழாயில் அரையடித் துண்டு வாங்குங்கள். உள்விட்டம் குழிக்கு மிக அருகில் வரும். அதன் மேல் விளிம்பு தரைக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கும்படி புதைத்து, அடியில் ஒரு கை ஜல்லி போடுங்கள், மழைத் தண்ணீர் இறங்கிவிடும். விளிம்பு தரைக்கு மேலே நின்றால் பந்து உள்ளே விழாமல் தட்டித் திரும்பும்.

சாணி மெழுகிய முற்றம் நல்ல புட்டிங் தரை. புல் பிடிக்காத ஊர்களில் மணலில் எண்ணெய் கலந்து சமப்படுத்தி 'பிரவுன்' என்ற பெயரில் புட்டிங் தரை போட்டு ஆடியிருக்கிறார்கள். புல் இல்லையே என்று கவலை வேண்டாம். சிமெண்டுத் தரையில் பந்து நிற்காது. அங்கே கனமான ஜமுக்காளத்தை மடிப்பு இல்லாமல் விரித்து, மறு நுனியில் நாலேகால் அங்குல இடைவெளியில் இரண்டு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், அதுதான் வாசல். மூன்றடியில் தொடங்கி, பத்தில் எட்டு உள்ளே போன பிறகு அடுத்த அடிக்குப் பின்வாங்கட்டும்.

அயர்ன் பழக அடிப்பாய் வேண்டும். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கோடையில் பாறைபோல் இறுகிவிடும். அதில் மட்டை மோதினால் மணிக்கட்டு அதிரும், பிள்ளை பயந்து பந்தின் தலையை மட்டும் தட்டப் பழகும். தேரி மணல் மட்டை முகத்தைத் தேய்க்கும். கெட்டியான தென்னை நார் மிதியடியின் அடியில் பழைய ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் மேல் பந்தை வையுங்கள். வெறும் சிமெண்டின் மேல் மிதியடி மட்டும் போட்டால், தரையில் முதலில் பட்ட மட்டை துள்ளிப் பந்தில் மோதும். தவறு தெரியாமல் போகும்.

உண்மையான பந்தை வலையில் அடிக்க வேண்டுமானால் கண்ணி ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கிரிக்கெட் வலைகளில் பலவற்றின் கண்ணி இந்தப் பந்து நுழைந்துவிடும் அகலம். வலையை இறுக்கிக் கட்டாதீர்கள், திரும்பி முகத்துக்கு வரும். தளர்வாகத் தொங்கவிட்டு, பின்னால் சுவருக்கு ஐந்தடியாவது இடம் விடுங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தில் மோசமான காயம் பந்தால் வருவதைவிட, பக்கத்தில் நிற்கிற தம்பி தங்கையின் தலையில் வீச்சுமட்டை படுவதால்தான் அதிகம் வருகிறது. மட்டையை நீட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, அதற்கு வெளியே இன்னும் இரண்டு எட்டு தள்ளிக் கோலமாவால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் ஒருவர் மட்டும். "ஏல, கோட்டுக்கு வெளிய நில்லு" என்று சொல்ல ஆச்சியோ யாரோ ஒரு பெரியவர் எப்போதும் அங்கே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கையுறை, காலணி, பை

வலது கை ஆட்டக்காரர் இடது கையில் மட்டும் கையுறை போடுவார். விரல் முட்டிகளைச் சுற்றி உள்ளங்கைச் சுற்றளவையும், நடுவிரல் நீளத்தையும் அளந்து வாங்குங்கள். விரல் நுனியில் துணி மிச்சம் இருக்கக் கூடாது. நம்மூர் வியர்வைக்குத் தோல் கையுறை நாலு நாளில் அப்பளமாகிவிடும். துவைக்கக்கூடிய செயற்கைத் துணியில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், நிழலில் காயப்போடுங்கள்.

கோல்ஃப் காலணி இப்போது தேவையில்லை. அடி தட்டையான, வழுக்காத பள்ளி ஷூ போதும். குதிகால் உயர்ந்த ஓட்ட ஷூவில் பிள்ளை முன்னால் சாயும். விளிம்பு வைத்த தொப்பி கட்டாயம். கோடையில் பயிற்சி காலை 8 மணிக்குள் முடியட்டும், மாலை ஐந்துக்கு மேல் தொடங்கட்டும்.

மூன்று மட்டைக்குக் கடைப் பை வேண்டாம். தையல்காரரிடம் கித்தான் துணியில் நீளப் பை தைத்து, அடியில் பிவிசி மூடி வைத்து, இரு தோளிலும் மாட்ட இரண்டு பட்டை போடச் சொல்லுங்கள். ஒற்றைப் பட்டைப் பை ஒரு தோளை இழுக்கும். ஐந்து மட்டை ஆனதும் நிற்கும் கால் வைத்த பை வாங்கலாம். மட்டையும் தண்ணீரும் சேர்ந்து பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

வெயிலில் நிற்கிற காரில் மட்டையை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். தலையை ஷாஃப்டில் ஒட்டியிருக்கிற பசையும் கிரிப்பின் டேப்பும் சூட்டில் இளகும். திருச்செந்தூர், உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, வாரம் ஒருமுறை எஃகுப் பகுதியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தேய்த்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிக்கும். கிரிப்பை சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் வழுக்கல் போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சுவரில் அதே மாதிரி உயரம் அளந்து, பத்து எண்ணும் சோதனையையும் வயிற்றுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். அளவு தாண்டிய மட்டையைத் துடைத்து, ஷாஃப்டில் உயர அளவை எழுதிய சீட்டு ஒட்டி, அடுத்த பிள்ளைக்கு எடுத்து வையுங்கள்.

திருவனந்தபுரத்துக்கோ கொடைக்கானலுக்கோ கூட்டிப்போகும் முன் கிளப்பைத் தொலைபேசியில் அழைத்து, உறுப்பினர் அல்லாத சிறுவருக்கு அனுமதி உண்டா, எந்த நேரம், என்ன கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலர் வைத்த டி-ஷர்ட்டும் ஜீன்ஸ் அல்லாத கால்சட்டையும் போட்டுவிடுங்கள். பையில் மூன்று மட்டை, ஆறு பந்து, பந்தை நிறுத்தி வைக்கிற மர முளை (டீ) பத்து, பந்து இருக்கும் இடத்தைக் குறிக்க ஓர் ஒற்றை ரூபாய் நாணயம், ஒரு துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர்.